வாடகை இரட்டிச்சிட்டாம்! அட்வான்ஸை எந்தக் கணக்கில போட்டீங்க?

முகத்துவாரம்
முகநூலில ஒரு பதிவு ஓடுது. "மட்டக்களப்பு டவுனுக்குள்ள வீட்டு வாடகை 3 வருஷத்தில இரட்டிச்சிட்டு. கச்சேரி, அதான் மாவட்டச் செயலகம், கோட்டையை விட்டுத் திராய்மடுவுக்குப் போனதுதான் காரணம்" எண்டு ஒருத்தர் எழுதியிருக்கார். கனபேர் ஓம் போட்டிருக்காங்க. அவர் பார்த்தது விளம்பரத்தில கிடக்கிற மாச வாடகையை மட்டும். அட்வான்ஸைத் தொடவே இல்ல.

கணக்கைப் பாருங்க. மாசம் 30,000, அட்வான்ஸ் 12 மாசம் எண்டு வைங்க. கை மாறுற காசு 360,000. 2022 கடைசியில நிலையான வைப்புக்கு 20 வீதம் தாராளமாக் கிடைச்சிது. வருஷ வட்டி 72,000, மாசத்துக்கு 6,000. அப்ப வீட்டுக்காரரின்ட உண்மையான வரவு 36,000. இப்ப வட்டி 8 வீதம் எண்டு வச்சா மாசம் 2,400தான், வரவு 32,400. பழைய 36,000ஐப் பிடிக்க வாடகையை 33,300 ஆக்கணும். விளம்பரத்தில 11 வீதம் ஏறின மாதிரித் தெரியும். வீட்டுக்காரர் ஒரு சதமும் கூட உழைக்கல்ல. அந்த வட்டியிலயும் பிடிச்சுவைக்கிற வரி 2025 ஏப்ரலில 5இல இருந்து 10 வீதமாப் போயிட்டு, அதை நான் சேர்க்கவே இல்ல.

கூழாவடி அக்கா
ஒரு சதமும் கூட உழைக்கல்லயாம்! வாடகைக்கு வாறவங்க அந்த 360,000ஐ எங்கயிருந்து கொண்டு வாறாங்க எண்டு நினைக்கிறீங்க தம்பி? நகையை அடகு வச்சுத்தான். அடகு வட்டி வைப்பு வட்டி மாதிரி 8க்கு இறங்கிக் கிடக்கல்ல. உங்கட வைப்புக்கு வட்டி குறைஞ்சதுக்கு எங்கட தலையில 3,300 ஏத்துறதை "ஏறல்ல" எண்டு சொல்ல நல்ல துணிவு வேணும்.

பார்வீதி
அக்கா, அவர்ர கணக்கே பிழை. அட்வான்ஸ் கழியும். 12 மாசத்தை வாங்கிட்டு மாச வாடகையில பாதியை அதில கழிப்பாங்க, மிச்சப் பாதியை வாடகைக்கு இருக்கிறவர் கையில குடுக்கிறது. 24 மாசத்தில அட்வான்ஸ் முடிஞ்சிடும். அப்ப சராசரியா வீட்டுக்காரர் கையில கிடக்கிறது 180,000தான். 20 வீதத்தில மாசம் 3,000, 8 வீதத்தில 1,200. உங்கட 6,000 எங்க போச்சு சேர்?

முகத்துவாரம்
எங்கயும் போகல்ல. நான் சொன்னது கழியாத அட்வான்ஸ். வீட்டைக் காலி பண்ணக்குள்ள திருப்பிக் குடுக்கிறது.

பார்வீதி
"கழியாத" எண்ட சொல் உங்கட முதல் பதிவில எங்க இருக்கு? நான் மேல போய்த் தேடிப் பார்த்திட்டன்.

முகத்துவாரம்
அட்வான்ஸ் எண்டாலே திருப்பிக் குடுக்கிறதுதான். கழியிறதுக்குப் பேர் முன்வாடகை.

பார்வீதி
அப்ப டவுனுக்குள்ள பாதிப்பேர் அட்வான்ஸே வாங்கல்ல எண்டு சொல்றீங்க. நல்லது. போன மாசம் வளவு விலை விவாதத்திலயும் காணியளவைப் பேர்ச்சஸில இருந்து பரப்புக்கு மாத்தி இப்படித்தான் வழுக்கினீங்க.

திராய்மடு தம்பி
கச்சேரியைப் பத்தி ஆரும் கேக்கல்லயா? திராய்மடுவில பெரும்பாலும் சுனாமிக்குப் பிறகு குடியேத்திக் கட்டிக் குடுத்த சின்ன வீடுகள். வாடகைக்கு விடுற மாதிரி வீடு கொஞ்சம். கச்சேரி உத்தியோகத்தர் டவுனில இருந்து பைக்கில பத்துப் பதினஞ்சு நிமிஷத்தில வந்து போறார், இதுக்கெண்டு குடும்பத்தோட வீடு மாறமாட்டார். புள்ளைகள் படிக்கிறது டவுனில உள்ள மைக்கல், வின்சன்ட், சிசிலியா. பள்ளிக்கூடம் இருக்கிற இடத்திலதான் வாடகை இருக்கும்.

கூழாவடி அக்கா
இதுதான் உள்ள விஷயம். 1ஆம் வகுப்பு அனுமதிக்கு வதிவிடம் காட்டணும். வாக்காளர் இடாப்பில வருஷக்கணக்காப் பேர் இருந்தாத்தான் முழுப் புள்ளி. அதோட பதிவு செஞ்ச குத்தகை உறுதியும் கேப்பாங்க. வீட்டுக்காரங்க ரெண்டுக்கும் பின்வாங்குவாங்க. தங்கட விலாசத்தில வேற குடும்பத்தின்ட பேர் விழுந்தா வீடு கைவிட்டுப் போயிடும் எண்டு பயம். அதால "உறுதி வேணுமெண்டா இவ்வளவு, வேணாமெண்டா இவ்வளவு" எண்டு ஒரே வீட்டுக்கு ரெண்டு விலை. முகநூல்காரர் எந்த விலையை எடுத்தாரோ.

வீட்டுக்காரன்77
பயம் இல்லாம என்ன? ஒருத்தரை எழுப்புறதெண்டா வழக்கு வருஷக்கணக்கில இழுபடும். சீமெந்துப் பை 2022இல 3000ஐத் தாண்டிச்சிது. டைல்ஸ், பெயின்ட் ஒண்டும் பழைய விலைக்கு வரல்ல. எல்லாத்தையும் எங்கட மடியில கட்டிட்டு "வாடகை மட்டும் ஏத்தாத" எண்டா எப்பிடி?

கூழாவடி அக்கா
2010இல கட்டின வீட்டுக்கு 2022 சீமெந்து விலையா? ஊத்தின கொங்கிரீட் திரும்ப விலை ஏறுமா கா?

பார்வீதி
77, வழக்கு இழுபடுறது நீங்க வெறும் தாளில ரெண்டு பேர்ர கையொப்பத்தோட எழுதுறதாலதான். ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால ரெண்டு சாட்சியோட எழுதினாத்தான் செல்லும். இல்லாட்டி நீங்க "2 வருஷம்" எண்டு எழுதினாலும் சட்டத்துக்கு முன்னால அது மாசத்துக்கு மாசம் ஓடுற வாடகைதான். 2023ஆம் ஆண்டு 1ஆம் இலக்கச் சட்டம் வீட்டை மீட்கச் சுருக்க வழி தந்திருக்கு. அந்த வழியில போறதுக்கும் உங்கட தாள் உதவாது, முறையா எழுதின குத்தகை வேணும்.

வீட்டுக்காரன்77
நொத்தாரிசுக் கூலி ஆர் குடுக்கிற? முத்திரை வரி 2025 ஏப்ரலில ஆயிரத்துக்கு 10இல இருந்து 20 ஆகிட்டு.

பார்வீதி
30,000 படி 2 வருஷம் 720,000. ஆயிரத்துக்கு 20 எண்டா 14,400. அரை மாச வாடகை. ஒரு மாச வாடகையை அப்பிடியே தூக்கிக் குடுக்கிறீங்களே புரோக்கருக்கு, அதுக்கு நோகல்லயா?

முகத்துவாரம்
சட்டம் பேசுறதெண்டா முழுசாப் பேசுங்க. 1972ஆம் ஆண்டு 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தில மூண்டு மாசத்துக்கு மேல அட்வான்ஸ் கேக்கேலாது எண்டு கிடக்கு. பின்னுக்கு வந்த திருத்தங்களால கன வீடுகள் அதுக்கு வெளியால போயிட்டு. அது வேற கதை. நான் கேக்கிறது ஒண்டுதான்: கழியாத அட்வான்ஸ் வாங்கின வீட்டுக்காரருக்கு வட்டி இறங்கினா வரவு இறங்குமா இறங்காதா? ஓம், இல்ல. ரெண்டில ஒண்டு.

பார்வீதி
கழியிற அட்வான்ஸுக்கு 6,000 பொருந்துமா பொருந்தாதா? முதல்ல அதுக்கு ஓமா இல்லயா எண்டு சொல்லுங்க.

காத்தான்குடி காக்கா
ரெண்டு பேரும் ஒரே இடத்தில நிண்டு சுத்துறீங்க. கழியிறதில உள்ள உண்மையான சங்கதியை ஆரும் சொல்லல்ல. 24 மாசமும் இருக்கிறவரின்ட வாடகை அசையாது. முடிஞ்ச அடுத்த நாள் வீட்டுக்காரர் புது வாடகை, அதில 12 மாசப் புது அட்வான்ஸ் எண்டு நிப்பார். 30,000ஐ 40,000 ஆக்கினா ஒரே நாளில 480,000 தேடணும். வாடகை மாசாமாசம் ஏறுறது இல்ல, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காப் பாயும். விளம்பரத்தில வாறது பாய்ஞ்ச வீடு மட்டும். பாயாத வீட்டை ஆரும் விளம்பரம் போடுறல்ல. இரட்டிப்பு எண்டு தெரியிறது அதாலதான்.

கல்முனையான்
எங்கட பக்கம் வந்து பாருங்க, உங்கட வாடகை எல்லாம் ஒரு வாடகையா?

காத்தான்குடி காக்கா
எங்கட ஊரில கால் வைக்கக் காணி இல்லாம மேல மேல தட்டுப் போடுறம் தம்பி. கல்முனைக் கதையைக் கல்முனையில வைங்க.

முகத்துவாரம்
காக்கா சொன்னதைத்தான் நான் முதலே சொன்னன்.

பார்வீதி
எங்க?

கூழாவடி அக்கா
வாடகையை விடுங்க, கரண்ட் பில்லைப் பாருங்க. முன் வீட்டில வீட்டுக்காரர், பின்னுக்கு அனெக்ஸ், மீட்டர் ஒண்டு. தனித்தனி மீட்டரெண்டா ஆளுக்கு 50 யூனிட், ரெண்டு பேரும் 60க்குள்ள, குறைஞ்ச கட்டணம். ஒரே மீட்டரில 100 யூனிட் விழுந்தா அந்தச் சலுகை ரெண்டு பேருக்கும் போச்சு. 180ஐத் தாண்டினா அங்கால ஒவ்வொரு யூனிட்டும் ஆகக்கூடின கடைசிப் படி விலை. சப் மீட்டர் போட்டிருக்கம் எண்டு சொல்லிட்டு அனெக்ஸ்காரரின்ட யூனிட் முழுசையும் அந்தக் கடைசிப் படி விலையால பெருக்கிறாங்க. மொத்த பில்லை மொத்த யூனிட்டால பிரிச்சு, வாற விலையாலதான் சப் மீட்டர் யூனிட்டைப் பெருக்கணும். இதுவும் வாடகைதான், உங்க ஒருத்தரின்ட கணக்கிலயும் இல்ல.

வீட்டுக்காரன்77
தனி மீட்டர் எடுக்கிறது லேசா? அனெக்ஸுக்கு மாநகர சபையில தனி இலக்கம் எடுக்கணும், வயரிங் சோதனை அறிக்கை வேணும். தனி இலக்கம் விழுந்தா சோலைவரியும் தனியா வரும்.

கூழாவடி அக்கா
அப்ப வரி கட்டாம இருக்கத்தான் நாங்க கடைசிப் படி விலையில லைட் போடுறம். விளங்கிச்சு.

திராய்மடு தம்பி
கல்லடி, நாவற்குடாப் பக்கம் வாடகைக்குப் போறவங்க கக்கூஸ் குழியையும் பாருங்க. மணல் தரை. வடகீழ்ப் பருவ மழையில நிலத்தடித் தண்ணி மேல வந்தா குழி உறிஞ்சாது, பவுசர் வந்து இழுத்தாலும் ரெண்டு மூண்டு நாளில திரும்ப நிரம்பும். கிணறு குழிக்கு 50 அடிக்குள்ள எண்டா சமையலுக்கு அந்தத் தண்ணி வேணாம், நீர்வழங்கல் சபை லைன் இருக்கா எண்டு கேளுங்க. பவுசர் காசு ஆருக்கு எண்டதை முதலே எழுதி வைங்க.

வீட்டுக்காரன்77
பாவிக்கிறவர்தான் குடுக்கணும்.

கூழாவடி அக்கா
மழைத் தண்ணியையும் நாங்களா பாவிக்கிறம்?

முகத்துவாரம்
குழியில இறங்கினது போதும். என்ட கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லல்ல. வாடகை இரட்டிச்சிட்டு எண்டவர் அட்வான்ஸைச் சேர்க்கல்ல. கழியாத அட்வான்ஸ் 360,000, 20 வீதத்தில 6,000, 8 வீதத்தில 2,400. இதில எந்த எண் பிழை?

பார்வீதி
எண் ஒண்டும் பிழையில்ல. அட்வான்ஸ்தான் பிழை. டவுனில கழியிறது எத்தனை வீடு, கழியாதது எத்தனை வீடு, அதை முதல் சொல்லுங்க.

முகத்துவாரம்
அதை நீங்க சொல்லுங்க. கழியும் எண்டு துவங்கினது நீங்க.

காத்தான்குடி காக்கா
துவங்கினவர் முகநூலில இருக்கார். அவரை இஞ்ச ஆரும் கூப்பிடல்ல.

கல்முனையான்
புரோக்கருக்கு ஒரு மாசம் எண்டது வீட்டுக்காரர் மட்டுமா, ரெண்டு பக்கமுமா? இஞ்சால ரெண்டு பக்கமும் புடுங்கிறானுகள்.

வீட்டுக்காரன்77
புரோக்கர் கதையை வேற இழையில துவங்குங்க. அக்காவுக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கல்ல.