கிரேட் ஓஷன் சாலையில் ஒரே நாள்: போய்வந்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

தொடங்கியவர் (மெல்பர்ன்)

அப்பாவும் அம்மாவும் தென்காசியிலிருந்து வந்து எங்களோடு மூன்று மாதம் இருந்தார்கள். அந்த மூன்று மாதத்தில், ஆஸ்திரேலியாவின் தென்கடலோரமாகப் போகும் கிரேட் ஓஷன் சாலைக்கு இரண்டு முறை போனோம். முதல் முறை நான் போட்ட திட்டம் இன்றும் மனத்தை உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

ஜூன் மாதம், இங்கே நடுக்குளிர்காலம். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். பெல்ஸ் கடற்கரை, ஏரிஸ் இன்லெட் கலங்கரை விளக்கம், சாலைக்குக் குறுக்கே நிற்கும் நினைவு வளைவு, லோர்னில் சாப்பாடு, எர்ஸ்கின் அருவி, கென்னட் ரிவரில் கோவாலா என்று எழுதி வைத்துக்கொண்டு, ஒன்றையும் விடக் கூடாது என ஒவ்வோர் இடத்திலும் இறங்கி ஏறினோம். அப்போலோ பே ஊரைத் தாண்டும்போதே மணி நாலே கால். அதற்கப்புறம் சாலை கடலை விட்டு விலகி ஆட்வே மழைக்காட்டுக்குள் புகுந்துவிடும். ஜூனில் ஐந்து மணி பத்து நிமிடம் வாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது. கடலில் நிற்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் பாறைகளைப் பார்க்கும் மேடைக்கு நாங்கள் நடந்து போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். “கடல் என்ன சத்தம் போடுகிறது, கேளேன்” என்றார். குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் மறுபடி போனபோது, இருட்டும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். காலை ஆறரைக்குக் கிளம்பி, ஜீலாங், கோலாக் வழியாக உள்நாட்டுச் சாலையில் நேராகப் பாறைகளுக்கே போய்விட்டோம். இடையில் ஒரு தேநீருக்கு நின்றதையும் சேர்த்து மூன்றேகால் மணி நேரம். மெல்பர்னிலிருந்து கடலோரமாக வரும் சுற்றுலாப் பஸ்கள் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் அங்கே வந்து சேரும். நாங்கள் போன நேரத்தில் மேடையில் பத்துப் பேர்கூட இல்லை. சுண்ணாம்புப் பாறைகள் காலை வெயிலில் தேன் நிறத்தில் நின்றன. அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, “பன்னிரண்டு இல்லையே?” என்று கேட்டார். எப்போதுமே பன்னிரண்டு இருந்ததில்லை. 2005 ஜூலையில் ஒன்று இடிந்தும் விழுந்துவிட்டது. அங்கிருந்து கிழக்கே திரும்பி, கடலை ஒட்டி மெல்ல வீடு நோக்கி வந்தோம். அருவியை விட்டுவிட்டோம். கலங்கரை விளக்கத்தையும் விட்டுவிட்டோம். அதனால் ஒரு குறையும் வரவில்லை.

டார்கீயிலிருந்து, வார்னம்பூலுக்கு அருகே உள்ள ஆலன்ஸ்ஃபோர்டு வரை இந்தச் சாலை ஏறக்குறைய 243 கிலோமீட்டர். கடலை உரசிக்கொண்டு விடாமல் வளைவது லோர்னுக்கும் அப்போலோ பேக்கும் நடுவே உள்ள 45 கிலோமீட்டர்தான். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால், நேரத்தைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் அது. அதை நான் சொல்வதைவிட அப்பா நன்றாகச் சொல்வார்.

அவர் நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியை ஒதுக்கும் இடம் வந்தால் போதும், நிறுத்தச் சொல்லுவார். நாங்கள் எல்லாரும் கடலைப் பார்ப்போம். அவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையை வெட்டிய இடத்தைப் பார்ப்பார். “நம் ஊரில் மலைச்சாலை என்றால் கொண்டை ஊசி போட்டு மேலே ஏறிப் போய்விடும். இது ஏறவே இல்லை. மலையின் இடுப்பைச் சுற்றியே போகிறது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல். வெட்டிய கல்லைக் கொட்டக்கூட இடம் கிடையாது. எப்படிச் செய்தார்கள்?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஏறத்தாழ 3,000 வீரர்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி, வெடிமருந்து ஆகியவற்றைக் கொண்டு போட்ட சாலை என்றேன். போரில் இறந்துபோன தோழர்களுக்கு அவர்கள் எழுப்பிய நினைவுச்சின்னமே இந்தச் சாலைதான். அப்பா அதன் பிறகு கொஞ்ச தூரம் பேசவே இல்லை.

அப்போலோ பேயிலிருந்து வந்தால் லோர்னுக்குச் சற்று முன்னால், மவுண்ட் டிஃபையன்ஸில் ஹோவர்ட் ஹிட்ச்காக்கின் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஜீலாங் மேயராக இருந்தவர். இந்தச் சாலைக்காகப் பணம் திரட்டிய அறக்கட்டளையின் தலைவர். 1932 ஆகஸ்டில் அவர் இறந்துவிட்டார். நவம்பரில்தான் சாலை திறப்பு விழா. அன்றைய ஊர்வலத்தில் ஆளுநரின் காருக்குப் பின்னால் ஹிட்ச்காக்கின் காரையும் ஓட்டிப் போனார்கள். இதைச் சொன்னபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஈஸ்டர்ன் வியூவில் நினைவு வளைவுக்குப் பக்கத்தில் சாலைத் தொழிலாளர் இருவரின் வெண்கலச் சிலை இருக்கிறது. நான் இதுவரை அங்கே நின்று படம் எடுத்ததோடு சரி. அப்பா சிலையின் கையில் இருந்த கருவியைத் தொட்டுப் பார்த்தார்.

மறுமொழி (டாலஸ், அமெரிக்கா)

அண்ணா, உங்கள் வழி நல்ல வழிதான். ஆனால் என்னைப்போல வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது வேண்டாம் என்பேன். ஆஸ்திரேலியாவில் இடப்பக்கம் ஓட்ட வேண்டும். மேற்கு நோக்கிப் போனால் கடலும் உங்கள் இடப்பக்கமே இருக்கும். காட்சி முனைகளில் எதிர்த் தடத்தைக் கடக்காமல் ஒதுங்கலாம். கிழக்கே வந்தால் ஒவ்வொரு முறையும் கடந்து போய், மறுபடி கடந்து வர வேண்டும்.

நாங்கள் மேற்கேதான் போனோம். அப்படியும் தப்பு நடந்துவிட்டது. கேப் பேட்டனில் படம் எடுத்துவிட்டு வண்டியை எடுத்தபோது, இருபது ஆண்டுப் பழக்கம் என் கையை வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. சாலையில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள்; இடப்பக்கம் ஓட்டச் சொல்லும் பலகையும் இருக்கிறது. என் கண்ணில் எதுவும் படவில்லை. மனைவி போட்ட சத்தத்தில்தான் திருப்பினேன். அடுத்த நொடி வளைவிலிருந்து ஒரு லாரி வந்தது. ஓட்டியவர் நிறுத்தி, இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “நின்றுவிட்டுக் கிளம்பும்போதுதான் எல்லாருக்கும் இது நடக்கிறது. பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் ‘இடது’ என்று உரக்கச் சொல்லட்டும்” என்றார். அன்று முழுவதும் என் மகள் பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுமொழி (மெல்பேர்ண், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்)

தம்பி, உங்கள் தந்தையாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நான் 1988-இல் அவுஸ்திரேலியாவுக்கு வந்தேன். அடுத்த ஆண்டு எங்கள் சங்கத்துப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போர்ட் கேம்பலுக்கு அப்பால் உள்ள லண்டன் பிரிட்ஜ் என்ற பாறைக்குப் போனோம். கரையோடு ஒட்டி இரண்டு வளைவுகளாக நின்றது. அதன் மேலே நடந்து நுனி வரை போனோம். கீழே அலை புகுந்து வெளியேறியது. 1990 ஜனவரி 15-இல் கரையோடு சேர்ந்திருந்த வளைவு இடிந்து கடலில் விழுந்துவிட்டது. நுனியில் நின்ற இரண்டு பேரை ஹெலிகொப்டரில் மீட்டார்கள். தொலைக்காட்சியில் பார்த்தபோது, நாங்கள் எந்த இடத்தில் நின்று படம் எடுத்தோம் என்று தேடினேன். அந்த இடம் இல்லை. அந்தப் படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் இருக்கும் பிள்ளைகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள்கூட உண்டு. வேலிக்கு அப்பால் இறங்கிப் படம் எடுக்கிறவர்களைக் காணும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. தயவுசெய்து இறங்காதீர்கள்.

நேரம் இருந்தால் லொக் ஆர்ட் கோர்ஜ் என்ற கடல் இடுக்குக்குப் போங்கள். 1878 ஜூன் 1 அன்று லொக் ஆர்ட் என்ற கப்பல் அங்கே உடைந்தது. கப்பலில் இருந்த 54 பேரில் தப்பியவர்கள் டொம் பியர்ஸ், ஈவா கார்மைக்கேல் என்ற இரண்டு இளையவர்கள் மட்டுமே. அந்தச் சிறிய மணற்கரையில் நின்று பார்த்தால், எப்படிக் கரையேறினார்கள் என்பது விளங்கவே விளங்காது.

மறுமொழி (சிட்னி)

டிசம்பரில் ஏழு வயது மகனோடும் மாமியாரோடும் போகிறோம். இருவருக்குமே வளைவுகளில் வாந்தி வரும். எந்தத் திசை நல்லது, அண்ணா?

தொடங்கியவர் (மெல்பர்ன்)

தங்கை, டிசம்பரில் சூரியன் மறைய இரவு எட்டே முக்கால் ஆகும். அதனால் கடலோரமாகவே மேற்கே போய், திரும்பும்போது கோலாக் வழியாக நேர்ச்சாலையில் வந்துவிடுங்கள். வளைவுகள் காலையிலேயே முடிந்துவிடும். களைத்த பிறகு மறுபடி அவற்றில் வர வேண்டியிருக்காது. மாமியாரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். பையன் கையில் போன் கொடுக்காதீர்கள். காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். என் அம்மா ஊரிலிருந்து இஞ்சி மரப்பா கொண்டுவந்திருந்தார். அது எங்களுக்கு நன்றாகவே கைகொடுத்தது. பின்னால் வண்டி நெருக்கினால் பதறி வேகம் கூட்டாமல், மெதுவாகப் போகும் வண்டிகளுக்கென்று விட்டிருக்கும் ஒதுக்கத்தில் ஒதுங்கி வழி விடுங்கள்.

அப்போலோ பேயில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். காட்டுப் பகுதியில் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்; வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தி நேரத்தில் கங்காருகள் சாலைக்கு வந்துவிடும். வெளிச்சம் இருக்கும்போதே பாறைகளை விட்டுக் கிளம்ப முடிந்தால் நல்லது.

நினைவு வளைவில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். 1983 காட்டுத்தீயில் எரிந்துபோய், மறுபடி எழுப்பிய வளைவு அது. பையனிடம் அந்தச் சிலைகள் யாருடையவை என்று சொல்லுங்கள்.