மாசி பங்குனியில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்? எல்லையோரத்து ஆட்கள் சொல்லுங்கள்

கூடலூர்க்காரி

தேனி மாவட்டம் கூடலூரிலிருந்து எழுதுகிறேன். நீலகிரிக் கூடலூர் இல்லை, குமுளி மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற கூடலூர். 2021 கடைசியில் அரசு இல்லம் தேடிக் கல்வி என்ற சாயங்கால வகுப்புத் திட்டத்தை ஆரம்பித்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். அந்தப் பழக்கத்தில் இப்போதும் சாயங்காலம் ஆனால் ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். இவர்களில் பாதிப் பேருடைய அம்மாக்கள் விடியுமுன் ஜீப் ஏறி மேலே கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய், இருட்டுகிற நேரத்துக்குத்தான் இறங்கி வருவார்கள்.

மார்ச் வந்துவிட்டால் வீட்டிலும் சரி, தெருவிலும் சரி, பரீட்சை எப்போ, எத்தனை மார்க் வரும் என்றுதான் கேட்கிறார்கள். இப்போ என்ன பாடம் நடக்குது என்று கேட்கிற ஆளைக் காணோம். எனக்கு அதுதான் ஆதங்கம். மூன்றாம் பருவப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், அதில் பாதி நம் வாசலிலேயே நடக்கிற விஷயம்.

ஆறாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் காந்தவியல். ஒரு பையன் பழைய ரேடியோவின் ஸ்பீக்கரை உடைத்து வட்டக் காந்தத்தை எடுத்துக்கொண்டு வந்தான். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முல்லையாற்று மணலில் இழுத்தோம். தூக்கிப் பார்த்தால் பை முழுக்கக் கறுப்புத் தூள், முள்ளு முள்ளாக நிற்கிறது. காந்தத்தைப் பையிலிருந்து வெளியே எடுத்ததும் அவ்வளவும் பொலபொலவென்று உதிர்ந்தது. மணலுக்குள் இரும்பு இருக்கிறது என்று அதுவரை நான் வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தையல் ஊசியை அதே காந்தத்தில் ஒரே பக்கமாக நாற்பது தடவை தேய்த்து, பூவரச இலையில் வைத்துத் தண்ணீரில் மிதக்க விட்டோம். முதலில் ஊசி தாறுமாறாக நின்றது. என்னவென்று பார்த்தால் பக்கத்திலேயே அரிவாள்மனை கிடக்கிறது. அதை நகர்த்தியதும் ஊசி மெல்லத் திரும்பி வடக்கு தெற்காக நின்றது. அப்போது ஆறாவது படிக்கிற ஒரு பிள்ளை கிண்ணத்தைச் சுற்றி வந்து நின்றுகொண்டு, "அக்கா, எங்கம்மா ஜீப்புல போற பக்கம் தெற்குக்கும் மேற்குக்கும் நடுவுலக்கா" என்றது. அந்தப் பிள்ளைக்கு அம்மா போகிற பக்கம் என்றால் அதுவரை மலை மட்டும்தான். இப்போது அதற்கு ஒரு திசையும் இருக்கிறது.

அதே பருவத்தில் அறிவியலில் நீர் என்று ஒரு பாடம், சமூக அறிவியலில் சங்க காலம். இரண்டும் தனித்தனிப் புத்தகப் பகுதி, தனித்தனி நாளில் நடக்கும். ஆனால் எங்கள் ஊரில் இரண்டும் ஒரே ஆறு. பெரியாறு கடலில் சேருகிற பக்கம்தான் சேரர்களுடைய முசிறித் துறைமுகம் இருந்தது, அங்கிருந்துதான் மிளகு கப்பலேறி ரோமாபுரிக்குப் போனது. அந்த ஆற்றுத் தண்ணீரில் ஒரு பங்கைப் பென்னிகுயிக் கட்டிய அணை 1895இல் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிவிட்டது, அதைத்தான் நாங்கள் குடிக்கிறோம், வயலுக்கும் திராட்சைக்கும் பாய்ச்சுகிறோம். இதைச் சொன்னதும் ஒருவன் கேட்டான்: "அப்ப எங்கம்மா தினமும் சேர நாட்டுக்கா வேலைக்குப் போகுது?" ஆமாம்டா என்றேன். அந்த அணைக்கான ஒப்பந்தம் 1886இல் போட்டது, 999 வருஷக் குத்தகை என்று சொன்னபோது யாரும் கேட்காமலே நோட்டில் கூட்டி 2885 என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடும் போட்டு வைத்திருக்கிறான்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஏழாம் வகுப்புக் கணக்கைப் பற்றித்தான். சதவீதமும் தனிவட்டியும். புத்தகத்தில் எல்லா வட்டியும் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று வரும். எங்கள் பிள்ளைகள் வீட்டில் கேட்கிற வட்டி அப்படி இல்லை. ரெண்டு வட்டி, மூணு வட்டி என்பார்கள். மூணு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாசம் மூணு ரூபாய். ஒரு பிள்ளை அதை மூணு சதவீதம் என்று எடுத்துக்கொண்டு, புத்தகத்தில் பேங்குக்கு எட்டு சதவீதம், எங்க ஊர் வட்டிதான் கம்மி என்று சொல்லிவிட்டது. சரி, மாசத்துக்கு மூணு என்றால் பன்னிரண்டு மாசத்துக்கு எவ்வளவு, நீயே போடு என்றேன். 36 என்று எழுதினாள். 20,000 ரூபாய்க்கு எட்டு சதவீதம் என்றால் வருஷத்துக்கு 1,600, முப்பத்தாறு என்றால் 7,200. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு அவள் வெகுநேரம் பேசவே இல்லை. வீட்டில் வாங்கியிருப்பது சரியாக அந்த 20,000தான், எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் ராத்திரி அவளுடைய அம்மா தோட்டத்திலிருந்து வந்த கையோடு, தலையில் கட்டின துண்டைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்றார். "இவ சொல்றது நெசமாம்மா? ஒன்றரை வருசமா மாசம் அறுநூறு குடுத்துட்டு இருக்கேன்." 10,800 ஆகியிருந்தது, அசல் அப்படியே நிற்கிறது. மாசம் அறுநூறு என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், மொத்தமாக ஒரு இடத்தில் எழுதிப் பார்த்ததில்லை. திண்ணையில் உட்கார்ந்து மகளுடைய நோட்டைத் தன் விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மற்ற ஊர்க்காரர்களும் சொல்லுங்கள். பாலக்காட்டுப் பக்கம், செங்கோட்டைப் பக்கம், சித்தூர், நகரி, குப்பம் பக்கம் இருக்கிறவர்கள் கட்டாயம் எழுத வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை மாஷ்

நான் கேரளத்துக்குள் தமிழ் மீடியத்தில் யு.பி. வகுப்பு எடுக்கிறேன், ஐந்து முதல் ஏழு வரை. எங்களுக்கு மார்ச்சிலேயே ஆண்டுப் பரீட்சை முடிந்து ஏப்ரல், மே லீவு. பொள்ளாச்சியில் இருக்கிற சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் ஏப்ரலிலும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பதால், லீவு விட்டு முதல் இரண்டு மூன்று வாரம் எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட ஆள் கிடைக்காது. அந்த நாட்களில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் பக்கம் இரண்டாம் போகம் அறுத்து முடிந்து களம் காலியாகக் கிடக்கும் நேரம். சுற்றளவும் பரப்பளவும் சரியாக ஏறாத நான்கு பேரைக் களத்துக்குக் கூட்டிப்போய் டேப் கொடுத்தேன். நீளம் 60 அடி, அகலம் 40. சுற்றி வந்தால் 200 அடி, உள்ளே 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் ஐந்தரை சென்ட் சொச்சம். இது எத்தனை சென்ட் என்று களத்துக்காரர் சொன்னதும் பிள்ளைகள் போட்டதும் ஒன்றாக வந்தபோது, அவர் உள்ளே போய் எல்லாருக்கும் நுங்கு வெட்டிக்கொண்டு வந்தார்.

அங்கே பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனும் இருந்தான், மலையாளம் மீடியம். அவனும் நோட்டு எடுத்து வந்து போட்டான். அவன் "சுட்டளவு" என்கிறான், இவர்கள் சுற்றளவு என்கிறார்கள். அவன் "பரப்பளவு" என்றான், இவர்களும் பரப்பளவு. காந்தம் அங்கேயும் காந்தம், சராசரி அங்கேயும் சராசரி. முழுக்கள் வந்தபோதுதான் பிரிந்தது, அவனுக்கு அது பூர்ணசங்க்யா. சதவீதம் அவனுக்குச் சதமானம். அன்றைக்கு சாயங்காலம் வரை கணக்கை விட்டுவிட்டு எது ஒன்று, எது வேறு என்று இரண்டு பத்தி போட்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். நான் தடுக்கவில்லை. தமிழ் மீடியத்தில் படித்தால் கேரளத்தில் என்ன செய்யப் போகிறாய் என்று இந்தப் பிள்ளைகளைக் கேட்கிற சொந்தக்காரர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை ஆறாவது படிக்கிற பிள்ளை எப்படிச் சுமக்கும்? இரண்டு பத்தியில் ஒன்றாக இருந்த பக்கம் நீளமாகப் போனதைப் பார்த்து அவர்களுக்கு இருந்த சந்தோஷத்தை நான் நேரில் பார்த்தேன்.

கூடலூர்க்காரம்மா, அந்த வட்டிக் கணக்கை அடுத்த வருஷம் என் ஏழாம் வகுப்பில் அப்படியே போடப் போகிறேன்.

நகரி தறிக்காரன்

நான் படித்தது எட்டாவது வரைக்கும்தான், அதுவும் திருத்தணிப் பக்கம் தமிழில். நகரியில் பவர்லூம் ஓட்டுகிறேன். என் மகள் இங்கே கவர்மெண்ட் ஸ்கூலில் ஏழாவது. அவளுடைய புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கம் இங்கிலீஷ், எதிர்ப் பக்கம் அதே பாடம் தெலுங்கில் இருக்கும். வீட்டில் பேசுவது தமிழ். மார்ச் நடுவிலிருந்து வெயிலுக்காக இங்கே அரை நாள் ஸ்கூல், மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுத் தறிக் கொட்டகையில் வந்து உட்கார்ந்து படிப்பாள். தறிச் சத்தத்தில் எப்படிப் படிக்கிறாளோ, அவளுக்கு அது பழகிவிட்டது.

ஒருநாள் "நைனா, சௌஷ்டவம்னா தமிழ்ல இன்னா?" என்றாள். இங்கிலீஷில் சிமெட்ரி என்று போட்டிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. படம் இருந்தது, வண்ணத்துப்பூச்சியின் நடுவில் ஒரு கோடு. மடித்தால் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும், அதுதானே என்றேன். ஆமாம் என்றாள். தறியிலிருந்து அறுத்து வைத்த புடவை ஒன்றை எடுத்து இரண்டு பேரும் நீளவாக்கில் நடுவில் மடித்தோம். இரண்டு கரையும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தது. பார்த்தியா, இதுதான் என்றேன். அவள் புடவையைத் திரும்ப விரித்து, இரண்டு கரைக்கும் நடுவில் இருந்த மாங்காய் புட்டாவைக் காட்டி, "இல்ல நைனா, மாங்கா மூக்கு எல்லாம் ஒரே கரையப் பாத்து வளைஞ்சிருக்குது. மடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு வராது. கரை மட்டும்தான் சௌஷ்டவம், புடவை இல்ல" என்றாள்.

இருபது வருஷமாக அந்த மாங்காயை ஓட்டுகிறேன். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று என் பிள்ளை சொல்லித்தான் கவனித்தேன். மாஷ் சொன்ன சுற்றளவுக்குத் தெலுங்கில் சுட்டுகொலத என்று அவள் எழுதித் தரச் சொன்னாள், அதையும் உங்கள் பத்தியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூடலூர்க்காரி

நகரி அண்ணா, தமிழில் அதற்குச் சமச்சீர் என்று பெயர். எங்கள் ஆறாவதுக்கு இந்தப் பருவத்தில் அந்தப் பாடம்தான் நடக்கிறது, நாளைக்குப் பிள்ளைகளை அவரவர் அம்மா புடவையை மடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

திண்ணைச் சுவரில் சுற்றளவு, சுட்டளவு, சுட்டுகொலத மூன்றையும் சாக்பீஸால் எழுதி வைத்தாயிற்று. போன வருஷம் வண்டிப்பெரியாறு எஸ்டேட்டிலிருந்து வந்து இங்கே சேர்ந்த ஒரு பிள்ளை, இத்தனை நாள் வாயே திறக்காது, அதுதான் எழுந்து போய் நடுவில் இருந்ததை மலையாள எழுத்தில் எழுதியது.

வட்டிக் கணக்குப் போட்ட பிள்ளையின் அம்மா மகளிர் குழுவில் 20,000 கடன் கேட்டிருக்கிறார், மூணு வட்டியை ஒரேயடியாக அடைத்துவிட. மனுவை மகள்தான் எழுதினாள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, அதற்குக் கீழே அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.