பக்கத்து இருக்கையில் யாரை உட்கார வைப்பது? டிராக் டே பயிற்சி அனுபவங்கள்

சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்ட விடும் டிராக் டே ஐந்து முடித்துவிட்டேன். முதல் மூன்றில் லேப் டைம் (ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்) மளமளவென்று குறைந்தது, அப்புறம் அசையவே இல்லை. எல்லோரையும் போல நானும் குறை காரில்தான் என்று நினைத்து டயர் மாற்றினேன், பிரேக் பேட் மாற்றினேன். ஒரு நொடி குறைந்தது. அந்த ஒரு நொடியும் டயர் சம்பாதித்தது, நான் இல்லை.

சரி, கற்றுக்கொள்ளலாம் என்று கோச் தேடினேன். முதலில் கிடைத்தவர் பல பந்தயங்களில் ஜெயித்தவர். உட்கார்ந்ததும் "பிரேக்! விடு! திருப்பு! மிதி, மிதி!" என்று இருபது நிமிடமும் கத்தினார். அவர் கத்தியபடியே ஓட்டினேன், வேகமாகத்தான் போனேன். அவர் இறங்கிய அடுத்த ரவுண்டில் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டேன். எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று சொன்னாரே தவிர, ஏன் அங்கே என்று சொல்லவில்லை. கேட்டதற்கு, "ஓட்ட ஓட்ட வந்துடும்" என்றார். சின்ன வயதிலிருந்தே கோ-கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டி ஓட்டியவர். அவருக்கு அப்படித்தான் வந்திருக்கும்.

இரண்டாவது ஆள் காரில் ஏறவே இல்லை. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, டிராக்கை வரைந்து ஒவ்வொரு வளைவுக்கும் எங்கே பிரேக் பிடிக்கிறேன், எதைப் பார்த்துத் திருப்புகிறேன் என்று குறிக்கச் சொன்னார். பன்னிரண்டு வளைவில் எட்டுக்குத்தான் என்னால் எழுத முடிந்தது. மீதி நாலில் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "நாம் இங்கே ஆரம்பிக்கலாம்" என்று அந்த நாலு வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

அப்புறம் லேப் டைமர் மேல் டேப் ஒட்டினார். ஒரு செஷனுக்கு ஒரே ஒரு வேலை. அன்று முழுக்க, பிரேக்கை எப்படிப் பிடிக்கிறேன் என்பதைப் பற்றிப் பேசவே இல்லை, எப்படி விடுகிறேன் என்பதை மட்டும் கவனிக்கச் சொன்னார். பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன் டயர்களுக்குப் போகிறது, அந்த எடையால்தான் அவற்றுக்குப் பிடிப்பு கூடுகிறது. நானோ திருப்பும் நேரத்தில் பெடலிலிருந்து காலைப் பட்டென்று எடுத்துக்கொண்டிருந்தேன். மூக்கு மேலே எழும்பும், முன் டயர் வழுக்கும், கார் திரும்பாது. இத்தனை நாளாக அதை டயரின் குறை என்று திட்டிக்கொண்டிருந்தேன்! காலை மெதுவாக எடுத்துக்கொண்டே திருப்பியபோது அதே கார் சொன்ன பேச்சைக் கேட்டது. டிரெயில் பிரேக்கிங் என்று இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவர் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

உங்களுக்கெல்லாம் கோச் எப்படி அமைந்தார்?

*

எனக்குக் காருக்குள் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் கவனம் சிதறும். அதனால் டேட்டா பார்க்கத் தெரிந்தவரைத் தேடினேன். நொடிக்குப் பத்து முறையாவது இடத்தையும் வேகத்தையும் பதிவு செய்யும் ஜிபிஎஸ் கருவி, ஒரு கேமரா, அவ்வளவுதான். அவரே என் காரில் நாலு லேப் ஓட்டினார், பிறகு நான் ஓட்டினேன். இரண்டு பேருடைய வேகக் கோட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டினார்.

நான் நினைத்தது, அவர் என்னைவிடத் தாமதமாக பிரேக் பிடிப்பார் என்று. பல இடங்களில் நான்தான் தாமதம்! வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடுவதற்குள் ஒரு நொடி போல சும்மா உருண்டுகொண்டிருந்தேன். 100 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி என்றால் ஏறக்குறைய 28 மீட்டர். அத்தனை தூரம் காரை நான் ஓட்டவில்லை, அது தானாகப் போயிருக்கிறது. வளைவுக்குள் பயந்து நுழைந்து, நிதானித்து, அப்புறம் மிதித்திருக்கிறேன். ஓட்டும்போது அது வேகமாகத் தெரிந்தது என்பதுதான் வேடிக்கை.

ஒரு எச்சரிக்கை. இதே வேலையைச் செய்கிற இன்னொருவர் முப்பது வரைபடத்தைத் திரையில் விரித்துவிட்டு, கடைசியில் "இங்கே இன்னும் வேகமாகப் போகணும்" என்றார். அதைச் சொல்ல வரைபடம் எதற்கு?

*

மேலே கத்துகிற கோச் பற்றிப் படித்ததும் சிரிப்பு வந்தது. எனக்குக் கிடைத்தவர் கத்தவில்லை, "முதலில் நான் ஓட்டிக் காட்டுகிறேன்" என்று மூன்று லேப் முழு வேகத்தில் சுற்றினார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எந்த வளைவும் நினைவில் இல்லை. அது பயிற்சி இல்லை, ராட்டினம்.

அடுத்த முறை வந்த அக்காவும் முதலில் தானே ஓட்டினார். ஆனால் பாதி வேகத்தில், தான் எங்கே பார்க்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. "இப்போ பலகை, இப்போ உள் ஓரம், இன்னும் அங்கே போகலை, ஆனா கண்ணு வெளியேறும் இடத்துக்குப் போயிடுச்சு." பிறகு நான் ஓட்டினேன். இரண்டு லேப் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவதில், "உங்க ஹெல்மெட் திரும்பவே மாட்டேங்குதே?" என்றார். உண்மைதான். பானட்டுக்கு முன்னால் இருக்கிற தார் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் வந்தால் கண் கிட்டே வந்துவிடும் போல. தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகியதும் எல்லாம் கொஞ்சம் மெதுவாக நடப்பது போல இருந்தது. வேகமும் கூடியிருந்தது, அது மதியம்தான் தெரிந்தது.

பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்ல முடிந்தது. முதல் ஆளிடம் சொல்லியிருக்கவே மாட்டேன்.

*

நான் அந்தப் பக்கத்து இருக்கையில் உட்காருகிற கோச். அங்கே பிரேக் பெடல் கிடையாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இருப்பது இன்டர்காமும் கை சைகையும் மட்டும்தான். எனவே நீங்கள் எங்களைச் சோதிப்பது போல நாங்களும் உங்களைச் சோதிப்போம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் முதலில் கேட்பது, பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று. டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். நாளான ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். வேகம் பத்து சதவீதம் கூடினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இருபத்தொரு சதவீதம் கூடும். ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் தரையைத் தொடும், காருக்குள் இருப்பது நான். இதைக் கேட்காமல் ஏறி உட்காருகிற கோச்சை நான் நம்ப மாட்டேன்.

அதேபோல, முதல் செஷனிலேயே "ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள்" என்று சொல்கிறவரையும். கார் நழுவும்போது தானாகவே பிடித்து நிறுத்தும் அமைப்பு அது. அதன் விளக்கு எரிகிற இடங்களைப் பார்த்தாலே எங்கே முரட்டுத்தனமாக ஓட்டுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். இலவசமாகக் கிடைக்கிற ஆசிரியரை எதற்கு வெளியே அனுப்ப வேண்டும்?

பந்தயத்தில் ஜெயித்திருப்பதும் சொல்லிக் கொடுக்கத் தெரிவதும் வேறு வேறு. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அதிர்ஷ்டம். மூன்று முறை ஃபார்முலா ஒன் உலக சாம்பியனான ஜாக்கி ஸ்டூவர்ட் (1969, 1971, 1973) பானட் மேல் ஒரு கிண்ணத்தில் பந்தை வைத்து, அது வெளியே விழாமல் ஓட்டச் சொல்லி மென்மையைக் கற்றுக்கொடுத்தவர். அதில் ஏன் என்று யாரும் விளக்கவும் வேண்டாம், பந்து விழுந்தால் நமக்கே தெரிந்துவிடும்.

*

நான் கோச்சுக்குப் போகும் முன் ஈரமான ஸ்கிட் பேடில் (காரை வழுக்கவிட்டுப் பழகும் திறந்த தளம்) அரை நாள் செலவழித்தேன். காரின் பின்பக்கம் நழுவுவது எப்படி இருக்கும் என்பது நாற்பது கி.மீ. வேகத்திலேயே உடம்புக்குத் தெரிந்துவிட்டது. நாலைந்து முறை சுழன்றேன், எதிலும் மோதவில்லை. டிராக்கில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தால் கையில் கார் இருந்திருக்காது.

*

எல்லோருக்கும் நன்றி. ஹெல்மெட் விஷயத்தைப் படித்துவிட்டுப் போன முறை எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். என் தலையும் திரும்பவில்லை. அதே டிராக்கை நேற்று மறுபடி தாளில் வரைந்தேன். பதினொரு வளைவுக்கு எழுத முடிகிறது. நேர்ப்பாதை முடிகிற இடத்தில் இருக்கும் அந்த வேகமான வளைவு மட்டும் இன்னும் வெற்றிடம்தான்.