மென்படலமா, நொசிபடலமா, ஊர்பிரிகையா? டி.எல்.சி.க்கு ஒரு சொல் தேடி

அன்புள்ள குழுவினருக்கு,

இளங்கலை வேதியியல் செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்டீராய்டுகளை டி.எல்.சி. (தின் லேயர் குரோமட்டோகிராபி, பூச்சுத் தகட்டில் கரைப்பானை ஏறவிட்டுக் கலவையைப் பிரிக்கும் முறை) செய்து பிரித்து அடையாளம் காணும் பாடத்தில் தலைப்பையே தாண்ட முடியவில்லை. பள்ளிப் பாடநூலில் உள்ள ‘மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகை முறை’ ஒருமுறை வந்தால் பரவாயில்லை, இங்கே பக்கத்துக்குப் பத்துமுறை வருகிறது. அதை வாயால் சொல்லி முடிப்பதற்குள் கரைப்பான் தகட்டின் உச்சிக்குப் போய்விடும்.

இன்னொரு நெருடலும் உண்டு. கொலஸ்டிரால், டெஸ்டோஸ்டீரோன், கார்டிசால் எல்லாமே வெள்ளைத் தூள். கரைத்தால் நிறமே இல்லை. இதில் எந்த வண்ணம் பிரிகிறது?

— கையேட்டுக்காரி

*

அம்மா,

முதலில் ‘வண்ணம்’ வேண்டாம், அது ‘வர்ண’த்தின் வழி வந்தது. ‘நிறம்’ இருக்கையில் அது எதற்கு? அடுத்து ‘மெல்லிய’. மெல் என்றதும் தடிமன் குறைவு என்பதைவிட மிருது என்பதே முன்னால் வந்து நிற்கும். ‘மலரினும் மெல்லிது காமம்’ என்ற வள்ளுவர் அளவுகோல் வைத்தா சொன்னார்? தொல்காப்பிய உரியியலில் ‘நொசிவும் நுழைவும் நுணங்கும் நுண்மை’ என்று இருக்கிறது. நொசி அருமையான சொல், வழக்கில் இல்லையென்றால் நாம் கொண்டுவருவோம். என் பரிந்துரை: நொசிபடல நிறப்பிரிகை. ‘ஸ்டீராய்டு’ என்று மெய்யில் தொடங்குவதும் முறையல்ல, இசுட்டீராய்டு என்க.

— பழைய தமிழ் வாத்தியார்

*

ஐயா,

நொசிபடலம் என்று எழுதினால் மாணவர்கள் ‘நசிந்த படலம்’ என்று படித்துத் தகட்டைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். நிறப்பிரிகை கண்டிப்பாக ஆகாது. முப்பட்டகத்தில் வெள்ளொளி ஏழாகப் பிரிவதற்கு இயற்பியல் பாடநூல் அந்தப் பெயரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரே பையன் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகப் படிக்க வேண்டுமா?

நிறம் இல்லாததற்கு ஏன் நிறப்பெயர் என்றால், பழியெல்லாம் மிகயீல் ஸ்வெட் தலையில்தான். இலைப் பச்சையிலிருந்த நிறமிகளைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய குழாயில் பட்டை பட்டையாகப் பிரித்தவர் அவர். 1906-இல் குரோமட்டோகிராபி என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் ‘நிற எழுத்து’. அவர் பெயரான ‘ஸ்வெட்’டுக்கே ரஷ்ய மொழியில் நிறம் என்று பொருள்! ஆள் தன் பெயரைத்தான் நைசாக வைத்துவிட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. 1938-இல் கார்கிவ் நகரில் இஸ்மாயிலோவும் ஷ்ரைபரும் குழாயை விட்டுவிட்டுக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகப் பூசிப் பார்த்தார்கள். 1950-களின் பிற்பாதியில் எகோன் ஸ்டால் அதைச் சீர்படுத்திய பிறகுதான் எல்லா ஆய்வகத்துக்கும் வந்தது. தகடு மாறியது, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஆய்வகத்தில் நடப்பது இதுதான். சிலிக்கா பூச்சு கால் மில்லிமீட்டர் தடிமன். அடியில் பென்சிலால் கோடு. பேனா ஆகாது, மையின் சாயம் கரைப்பானோடு ஏறிவிடும். நிறமுள்ள ஒரே பொருளை நாமே தள்ளிவைக்கிறோம் பாருங்கள்! கோட்டின்மேல் மாதிரியை வைத்து, தகட்டைக் கரைப்பானில் நிறுத்தினால் கரைப்பான் ஊர்ந்து ஏறும். ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இணை) நிறைய உள்ள மூலக்கூறு சிலிக்காவைப் பிடித்துக்கொண்டு அடியிலேயே கிடக்கும். மூன்று ஹைட்ராக்சில் உள்ள கார்டிசால் கீழே, ஒன்று உள்ள டெஸ்டோஸ்டீரோன் நடுவில், ஒன்றுமே இல்லாத புரோஜெஸ்டிரோன் அதற்கும் மேலே.

— ஆய்வகவாசி

*

இலங்கையில் வேதியியல் படித்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. ஏறுகிற கரைப்பானை (மொபைல் ஃபேஸ்) ‘நகரும் நிலைமை’ என்று எழுதப் போகிறீர்களா? எங்களுக்கு அது நகரும் அவத்தை. ‘நிலைமை’ என்றால் வீட்டு நிலைமை, நாட்டு நிலைமை மாதிரி அல்லவா கேட்கிறது? அப்புறம் ‘ஐது’ என்று ஒரு சொல் இருக்கிறது, நொய்மை, மென்மை. நீர்த்த அமிலத்தை ஐதான அமிலம் என்று நாங்கள் தினமும் சொல்கிறோம். அதை வைத்து ஐபடலம் எனலாமே?

— அவத்தைக்காரன்

*

ஐபடலம் என்றால் ஐந்து படலமா, எங்கே மற்ற நான்கு என்று கேட்பார்கள். அவத்தை மட்டும் என்ன, ‘அவஸ்தை’தானே? வடசொல்லை விரட்டக் கிளம்பிய இழையில் அவஸ்தையே வந்து உட்கார்ந்துவிட்டது.

— ஆய்வகவாசி

*

தம்பி, உங்கள் மடலிலேயே விடை இருக்கிறது. ‘ஊர்ந்து ஏறும்’ என்றீர்கள். நிறத்தை அடியோடு விடுவோம். ஊர்பிரிகை! ஊர்ந்த, ஊர்கிற, ஊரும் என முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. தாளில் செய்தால் தாள் ஊர்பிரிகை, தகட்டில் செய்தால் தகட்டு ஊர்பிரிகை. ‘மெல்லிய’ என்ற தொல்லையும் ஒழிந்தது. ‘நிறம்’ என்பதற்குப் பழைய இலக்கியத்தில் மார்பு என்றும் பொருள் உண்டு. நிறப்பிரிகை என்றால் நெஞ்சைப் பிளத்தல் ஆகிவிடும் என்பதால், என் முந்தைய பரிந்துரையை நானே திரும்பப் பெறுகிறேன்.

— பழைய தமிழ் வாத்தியார்

*

ஊர் பிரிகை? எல்லைத் தகராறு போல இருக்கிறதே. இடைவெளி ஒன்று விழுந்தால் போதும், வேதியியல் வருவாய்த்துறைக்குப் போய்விடும். ‘படர்பிரிகை’ பார்க்கலாமா?

— அவத்தைக்காரன்

*

படர் என்றால் பிரிவுத் துயர். அதனோடு பிரிகையும் சேர்ந்தால் முழுப் பாலைத்திணை. வள்ளுவரே ‘படர்மெலிந்திரங்கல்’ என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். படர்தல் இருக்கிறது, மெலிதல் இருக்கிறது. இரங்கல் மட்டும் இறங்கலாகி, அதையும் ஏறலாக மாற்றினால் டி.எல்.சி.க்குக் கச்சிதம்.

சரி, விளையாட்டுப் போதும். வண்ணத்துக்காக ஒரு வார்த்தை. கார்டிசாலும் டெஸ்டோஸ்டீரோனும் 240 நானோமீட்டர் அருகே புற ஊதாவை உறிஞ்சும். அதனால் புற ஊதாவில் ஒளிரும் தகட்டில் 254 நானோமீட்டர் விளக்கின் கீழ் கருப்பாகத் தெரியும். கொலஸ்டிரால் அப்படித் தெரியாது. கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்க வேண்டும், அப்போதுதான் நிறம் ஏறும். பாஸ்போமாலிப்டிக் அமிலம் தெளித்துச் சூடாக்கினால் நீலம். ஆக, வண்ணம் இல்லாமல் இல்லை, கடைசியில் வருகிறது. ‘வண்ணம்’ வடசொல் என்று ஐயா ஒதுக்கினாலும், தொல்காப்பியச் செய்யுளியலே இருபது வண்ணம் சொல்கிறது.

— ஆய்வகவாசி

*

அது ஓசை வண்ணம், தம்பி. நிறமல்ல.

— பழைய தமிழ் வாத்தியார்

*

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு மென்படலம், நொசிபடலம், ஊர்பிரிகை மூன்றையும் ஒரு பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஊர்பிரிகைதான் நடப்பதைச் சொல்கிறது, எனக்கும் அதன்மேல் ஆசை வந்துவிட்டது. ஆனால் பள்ளியில் வண்ணப்பிரிகை படித்து வந்த பிள்ளை தேர்வுத்தாளில் ஊர்பிரிகை என்று எழுதினால் திருத்துபவர் என்ன செய்வார்? அதனால் ‘மென்படல வண்ணப்பிரிகை’ என்று வைத்துவிட்டேன். தனிமடலில் வந்த கருத்துகளும் பெரும்பாலும் ‘ஏதோ ஒன்றைப் போட்டு அனுப்புங்கள்’ என்ற வகைதான். தலைப்பில் முழுப்பெயர், அதன்பிறகு டி.எல்.சி. அவத்தையை அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறேன். ஸ்டீராய்டு ஸ்டீராய்டாகவே இருக்கிறது.

ஒரு சொல்லை மட்டும் யாரையும் கேட்காமல் போட்டேன். நுண்குழாயால் கோட்டின்மேல் மாதிரியை வைப்பது ‘பொட்டு வைத்தல்’. தெரிவது ‘பொட்டு’. ஆட்சேபம் உண்டா?

— கையேட்டுக்காரி

*

இல்லை. அழகு.

— ஆய்வகவாசி

*

எங்களுக்கும் சம்மதம்.

— அவத்தைக்காரன்

*

பொட்டுக்கு ஒப்புதல். மென்படல வண்ணப்பிரிகைக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். இரண்டாம் பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

அது இருக்கட்டும். கையேட்டில் கரைப்பான் 8 செ.மீ. ஏறி, பொட்டு 3.2 செ.மீ. ஏறினால் 0.40 என்கிறீர்களே, அந்த ஆர்.எஃப். மதிப்பை ‘பின்னடைவுக் காரணி’ என்று எழுதியிருப்பதைக் கண்டேன். மேலே ஏறிய தூரத்தை வைத்துக் கணக்கிடுவதற்குப் பின்னடைவு என்று எப்படிப் பெயர் வரும்? ‘ஏறுவிகிதம்’ என்றல்லவா இருக்க வேண்டும்?

— பழைய தமிழ் வாத்தியார்

*

ஐயா, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

— கையேட்டுக்காரி