மூளைக்கு நல்லதென்று செய்தது, செய்யாமல் விட்டது: உங்கள் அனுபவம் என்ன?

மொட்டைமாடி:
அப்பாவுக்கு மறதி முற்றிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்த சமயம். கேட்டதையே திரும்பக் கேட்பார், நாலு பேர் கூடிப் பேசினால் எழுந்து போய்விடுவார். டாக்டரிடம் போனோம். அந்தப் பரிசோதனை தெரியும்தானே, மூன்று வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பார்கள். டாக்டர் "மேசை, காசு, பூ" என்றார். அப்பா கொஞ்சமும் தயங்காமல் "ஆசை, மாசு, பூ" என்றார். பிறகு கேட்டபோதும் அதே ஆசை, மாசு, பூ. "ஞாபகம் இருக்கிறதே! முதலில் காதைப் பாருங்கள்" என்றார் டாக்டர். ஆனால் "ஆசை" என்று சொன்னபோது அப்பா முகத்தில் பரீட்சையில் தேறிய பையனின் சந்தோஷம் இருந்தது. அதுதான் இன்னும் என்னை விடவில்லை.

இரவுப்பணி:
எனக்குத் தூக்கம். தொடர்ந்து நைட் ஷிப்ட், பகலில் அரைகுறைத் தூக்கம். ஏடிஎம் முன்னால் நிற்கிறேன், பின் நம்பர் வரவில்லை. வருடக்கணக்காக அடித்த நம்பர். விரல் பொத்தானுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது, பின்னால் வரிசை. கார்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நன்றாகத் தூங்கி எழுந்து போனபோது யோசிக்காமலேயே விரல் அடித்தது. வயது அப்போது முப்பதுகூட இல்லை.

பழைய செவிலி:
மொட்டைமாடி, அப்பா விஷயம் சரி. ஆனால் இதைப் படிப்பவர்கள் காது மிஷின் மாட்டினால் மறதியே வராது என்று எடுத்துக்கொள்வார்கள், அதுதான் என் பயம். காது மந்தமான, 70 முதல் 84 வயதுவரை உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குக் காது மிஷின் கொடுத்து, எல்லோரையும் மூன்று வருடம் கவனித்த அமெரிக்க ஆய்வு 2023-ல் வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மிஷின் மாட்டியவர்களுக்கும் மாட்டாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மறதிக்கான அபாயம் ஏற்கெனவே அதிகம் இருந்த பிரிவினரிடம் மட்டும் நினைவு, சிந்தனைத் திறனின் சரிவு 48 சதவீதம் குறைந்தது. ஆகவே மாட்டுங்கள், மாயத்தை எதிர்பார்க்காதீர்கள்.

என் அனுபவம் சின்னது. வார்டில் ஒரு பாட்டி, இரவானால் தன் மகனையே "யாரப்பா நீ?" என்பார். தூக்கம் வரட்டும் என்று வீட்டில் தினமும் கொடுத்தது பழைய ரக அலர்ஜி மாத்திரை. நிறுத்தியபின் தெளிந்துவிட்டார்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மறதி என்றதும் பயந்து ஓடாமல் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் பாருங்கள், குறைபாடு என்றால் சரிசெய்யக்கூடியது. பிரஷர், சர்க்கரை, கெட்ட கொலஸ்ட்ரால் மூன்றையும் நடுவயதிலேயே பிடியில் வையுங்கள். வண்டியில் போனால் ஹெல்மெட், தலையில் அடிபடுவதும் பின்னாளில் மறதிக்கு ஒரு காரணம். புகையை விடுங்கள். தனியாக அடைந்து கிடக்காதீர்கள். 2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு இப்படி 14 காரணங்களைச் சொல்லி, எல்லாவற்றையும் கவனித்தால் மறதிநோயில் கிட்டத்தட்ட 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது. குறட்டை விடுபவர்கள் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். பெரியவர்களுக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும், இரவுப்பணி தம்பிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சுடோக்கு வீடு:
பிரஷர் என்றதும் எழுத வந்தேன். அம்மா காலையில் சுடோக்கு போடாமல் எழுந்திருக்க மாட்டார், "மூளைக்கு இதைவிடப் பயிற்சி உண்டா?" என்பார். தலைசுற்றல் இல்லையே என்று பிரஷர் மாத்திரையை மட்டும் தானாகவே நிறுத்தியிருந்தார். ஒருநாள் கட்டத்தை எட்டிப் பார்த்தேன். ஒரு வரிசை முழுக்க மேலிருந்து கீழே 7, 7, 7. அழகான கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை. "முடிச்சிட்டேன்" என்று பேப்பரை நீட்டினார். ஸ்கேனில் சின்ன பக்கவாதம். பிழைத்துக்கொண்டார், இப்போது மாத்திரைதான் முதலில், சுடோக்கு அப்புறம். மூளைப் பயிற்சி ஆப்களை நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அப்படி விளம்பரம் செய்த லுமோசிட்டி நிறுவனம், ஆதாரமில்லாமல் பெரிதாகச் சொன்னது என்ற வழக்கில் 2016-ல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் கட்டியது.

கணக்குப்பிள்ளை:
ஆப் வேறு, மூளைக்கு வேலை கொடுப்பது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். லண்டன் டாக்சி ஓட்டுநர்களை ஸ்கேன் செய்து 2000-ல் வந்த ஆய்வில், மூளையில் வழியை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பின்பகுதி மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. தெருத்தெருவாக மனப்பாடம் செய்தவர்கள். எனக்கு நடந்தது நேர் எதிர். பாதி வழியில் போன் அணைந்துவிட்டது. பலமுறை ஓட்டிப்போன நாற்சந்திதான், இடமா வலமா தெரியவில்லை. பின்னால் ஹாரன் அலறுகிறது. இப்போதெல்லாம் போகும்போது மேப், திரும்பும்போது மேப் இல்லை. சுற்றிக்கொண்டு வந்தாலும் சரி.

சுடோக்கு வீடு:
நான் சுடோக்குவையே குறை சொல்லவில்லை ஐயா. அதைப் போட்டுவிட்டு மாத்திரையை விட்டதைத்தான் சொன்னேன்.

இரவுப்பணி:
செவிலி அம்மா, 7 மணி நேரம் தூங்கத்தான் எனக்கும் ஆசை. பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே டிரில்லிங், ஜன்னல் பூரா வெயில், அரைமணிக்கு ஒருமுறை போன். அடுத்த வாரம் மறுபடி ஷிப்ட் மாறுகிறது. இருட்டுத் திரை போட்டுப் பகலில் தூங்கிப் பழகியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், அனுபவம் மட்டும்.