புதுப்பிப்பு: மாடியறை மாதிரி ரயிலுக்கு டீசல் எஞ்சின் வாங்கிவிட்டேன்

எச்ஓ அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்காக, மாடியறையில் அமைக்கும் மாதிரி ரயில்பாதைக்கு ஆறு சக்கர அச்சு கொண்ட டீசல் எஞ்சின் மாதிரி வாங்குவதா, நான்கு அச்சா என்று முன்பு கேட்டிருந்தேன். வளைவை அளந்து பார்க்கச் சொன்ன அண்ணாச்சிக்கு முதல் நன்றி. என் வளைவின் ஆரம் 18 அங்குலம்தான். நண்பரிடம் இரவல் வாங்கிய ஆறு அச்சு எஞ்சின் நேர்ப்பாதையில் கம்பீரமாக வந்தது. வளைவிலோ தடம் புரண்டு, பின்னால் கோத்த பெட்டியையும் இழுத்துச் சாய்த்தது. மூன்று முறையும் அதே இடத்தில்!

மனம் கேட்கவில்லை. நாகர்கோவில் சந்திப்பில் சிறுவயதில் நான் மயங்கி நின்று பார்த்த டபிள்யூடிஎம்-2 என்ற இந்திய ரயில்வே டீசலும் ஆறு அச்சு எஞ்சின்தான். 2,600 குதிரைத்திறன், அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பு. அதே ஆல்கோவின் ஆர்எஸ்-3 மாதிரியைக் கண்டதும் முடிவு செய்துவிட்டேன். நான்கே அச்சு, நீண்ட மூக்கு. எட்டுச் சக்கரங்களும் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பதால் ஊர்ந்து போகும்போதும் நிற்பதில்லை.

குளச்சல் கடற்காற்றுக்குத் தண்டவாளம் சீக்கிரம் மங்குகிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் வாரந்தோறும் துடைக்கிறேன்.

இப்போது இரணியல் நிலையத்தை அட்டையில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.