வேனுக்குள் படுக்கைக்கு அடியில் பேட்டரி வைத்தவர்கள், பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாகமலை நாடோடி:

மாசி சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயிலுக்குப் போயிருந்தோம். சித்தப்பா மகன் பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, கட்டில், ஃபேன், சின்ன ஃபிரிட்ஜ் என்று குடும்பம் தங்குகிற மாதிரி ஆக்கியிருக்கிறான். வீட்டில் ஓடிக்கொண்டிருந்த யூபிஎஸ்ஸையும் 150 ஏஎச் ட்யூபுலர் (ஆசிட் ஊற்றும் லெட் ஆசிட் வகை) பேட்டரி இரண்டையும் அப்படியே தூக்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்து பிளைவுட்டால் மூடியிருந்தான்.

அன்றைக்கு ராத்திரி கோயில் ஜெனரேட்டரிலிருந்து ஒரு லைன் இழுத்து சார்ஜ் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் அந்தக் கட்டிலில்தான் தூக்கம். கொசுவுக்காக ஜன்னல்களைச் சாத்தியாயிற்று. நடுச்சாமத்தில் தண்ணீர் பாட்டில் எடுக்கக் கதவைத் திறந்தேன், அழுகின முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. பிள்ளைகளில் யாருக்கோ வயிறு சரியில்லை என்றார் பெரியம்மா. பிளைவுட்டில் கை வைத்தேன், சுட்டது. உள்ளே களகளவென்று கொதிக்கும் சத்தம்.

அந்த நேரம் பார்த்து பூசாரி வீட்டு அக்கா சூடத் தட்டோடு வந்து வண்டிப் படியில் ஒரு காலை வைத்துவிட்டார். தூங்குகிற பிள்ளைகளுக்குத் திருநீறு பூசிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். தட்டில் சூடம் கொழுந்துவிட்டு எரிகிறது. நான் இரண்டு கையையும் விரித்து மறித்து, "அக்கா, உள்ளே வராதீங்க, அப்படியே பின்னாடி போங்க" என்று கத்தினேன். அவர் முகம் சுருங்கிப்போனது. சாமி தீபத்தை வாசலில் மறித்துவிட்டான் என்று சொந்தத்தில் சில பெரியவர்கள் இன்றைக்கும் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பிள்ளைகளைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, வண்டிக்குள் எந்த ஸ்விட்சையும் தொடாமல், லைனை ஜெனரேட்டர் பக்கம் போய்ப் பிடுங்கினோம். ஒரு பேட்டரியில் ஒரு செல் செத்துப்போய், ஆறு செல்லுக்கான வோல்டேஜை மீதி ஐந்தும் வாங்கிக் கொதித்திருக்கின்றன. அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதோடு வாசனையே இல்லாமல் ஹைட்ரஜனும் கிளம்பும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும்.

தம்பி இப்போது வேறு பேட்டரி வாங்கப் போகிறான். நேரில் பார்த்ததை, பட்டதைச் சொல்லுங்கள்.

கப்பலூர் பட்டறை:

தம்பி, நீங்கள் மறித்ததுதான் சரி. அந்த அக்காவுக்கு ஒருநாள் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். ஆனால் ட்யூபுலரைக் குற்றவாளியாக்க வேண்டாம். 2012-ல் கரண்ட் போன நாட்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தது அதன் வெளிச்சத்தில்தான். காற்றோட்டமான வராண்டாவில் வைக்க வேண்டியதைக் கட்டிலுக்கு அடியில் அடைத்தால் அது என்ன செய்யும்? ஷாசியில் வெளிப்பக்கமாக ஒரு பெட்டி கட்டி, மேலே காற்றுப்போக்கு விட்டு வைத்தால் லெட் ஆசிட் இன்றைக்கும் நல்ல பேட்டரிதான்.

நான் பார்த்தது லித்தியம் வண்டி. எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை, 200 ஏஎச், செல் எல்லாம் தரமானவை. ராமேஸ்வரம் போய்த் திரும்பிய குடும்பம் ஃபேன் சரியாகச் சுற்றவில்லை என்று கொண்டுவந்தார்கள். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் கேபிள் தகரத்தில் போட்ட ஓட்டை வழியாகப் போகிறது. ஓட்டை விளிம்புக்கு ரப்பர் வளையம் (கிராமெட்) இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்பு இன்சுலேஷன் தேய்ந்து, உள்ளே ஒரே ஒரு செப்பு இழை பளபளவென்று மினுங்குகிறது. அதற்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு தாள் நுழையலாம், அவ்வளவுதான். ஃபியூஸ் எங்கே என்று தேடினால் இன்வெர்ட்டர் பக்கத்தில் இருக்கிறது. தேய்ந்த இடம் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில். அங்கே தகரத்தைத் தொட்டிருந்தால் அந்த ஃபியூஸுக்கு விஷயமே தெரிந்திருக்காது. அந்த வீட்டுப் பாட்டி அந்தச் சீட்டில்தான் வழி நெடுகப் படுத்து வந்தாராம். இப்போதும் எந்த வண்டியைத் திறந்தாலும் என் கை முதலில் அந்த ஓட்டையைத்தான் தேடுகிறது.

ஆகவே எந்த பேட்டரி என்று கேட்பதற்கு முன்னால் ஃபியூஸைக் கேளுங்கள். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். எல்எஃப்பி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியரைக் கொட்டும். சாதாரண ஃபியூஸ் உருகின பிறகும் உள்ளே பொறி தாவிக்கொண்டே இருக்கலாம். கிளாஸ் டி (Class T) என்று கேட்டு வாங்குங்கள், 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கும் வகை அது. விலை கூட, ஆனால் பேட்டரி விலைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று மெல்லிய ஒயரைப் போடுகிறார்கள். 1500 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கேபிள் நீளம் குறைவாக இருந்தாலும் 35 ஸ்கொயர் எம்எம்முக்குக் கீழே நான் போட மாட்டேன். கேபிள் முனையில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் நசுக்கக் கூடாது, ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் வைத்து அழுத்த வேண்டும். லூசான லக்தான் முதலில் சூடாகும், எந்த ஃபியூஸும் அதைக் கண்டுபிடிக்காது. வேலை செய்கிறவர் மோதிரம், காப்பு, கைச்செயின் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்க வேண்டும்.

மேலூர் டீச்சர்:

நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பிறகு கோயில் கோயிலாகப் போகலாம் என்று ஒரு வேன் தயார் செய்தோம். பேட்டரி கேட்டு ஒரு கடைக்குப் போனோம். பாதி விலைக்கு "புது லித்தியம் பேக்" என்று எடுத்து வைத்தார்கள். நீல நிறச் சுருக்குத் தாள் சுற்றியிருந்தது. ஒரு மூலையில் தாள் லேசாகக் கிழிந்திருந்தது. அதற்குள் தெரிந்த செல்லின் நுனியில் வெல்டிங் புள்ளிகள் இரண்டு வரிசை. ஒரு வரிசை கறுத்துப் பழையது, அதன் பக்கத்திலேயே புது வரிசை.

"செல் எத்தனை வோல்ட்?" என்று கேட்டேன். 3.7 என்றார். எல்எஃப்பி என்றால் 3.2 அல்லவா என்றேன். "லித்தியம்னா லித்தியம்தாம்மா" என்றார். பழைய மின்ஸ்கூட்டர் பேக்கைப் பிரித்துக் கட்டியது அது. நாங்கள் வேண்டாம் என்று வந்துவிட்டோம். எங்களுக்கு அடுத்து நின்ற ஒரு தம்பி, கைக்குழந்தையோடு மனைவி பக்கத்தில் நிற்க, அதே பேக்கை வாங்கிப் பைக்கில் வைத்துக்கொண்டு போனார். நான் சொன்னேன். காதில் வாங்கவில்லை. அந்தக் குழந்தை எந்த வண்டியில் படுத்துத் தூங்குகிறதோ என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் எரிந்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். வேனுக்குள் இருப்பது அந்த வீட்டைவிடச் சின்ன இடம். அந்த வருடத் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் மின்வண்டி பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 விதிகளை இறுக்கினார்கள். பேக்கைப் பிரித்து வேறு மாதிரி கட்டிய பிறகு அந்தச் சோதனைக்கெல்லாம் அர்த்தமே இல்லை.

வைகைக்கரை:

கப்பலூர் அண்ணன் சொன்ன ஃபியூஸ் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். வெளிப்பக்கப் பெட்டியை ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் வண்டியை வடிவமைத்துக் கொடுத்தவர்கள் எல்எஃப்பியை அப்படித்தான் வைத்தார்கள், சைலன்சருக்கு ஒரு முழம் தள்ளி. அக்னி நட்சத்திரத்தில் திருமங்கலத்திலிருந்து வந்து திருப்பரங்குன்றத்தில் நிறுத்தினோம். மேலே சோலார் பேனல், நல்ல வெயில், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் என்று நம்பி எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டோம். ராத்திரி அப்பா ஃபிரிட்ஜைத் திறந்து இன்சுலின் பாட்டிலைக் கையில் எடுத்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். வெதுவெதுப்பாக இருந்தது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது.

போனில் ஆப்பைத் திறந்தால் "அதிக வெப்பம், சார்ஜிங் நிறுத்தம்" என்று மதியத்திலிருந்தே காட்டுகிறது. பல எல்எஃப்பி பேட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்றும் உச்ச வரம்பு 45 டிகிரியோ அதை ஒட்டியோதான். ரோட்டுச் சூடும் சைலன்சர் சூடும் சேர்ந்து பெட்டி அதைத் தாண்டிவிட்டது. பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) தன் வேலையைச் சரியாகச் செய்தது. சார்ஜ் ஏறவில்லை, ஃபிரிட்ஜ் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது, சாயங்காலத்துக்குள் பேட்டரி காலி. ராத்திரி அலைந்து திரிந்து வேறு இன்சுலின் வாங்கினோம்.

நம் ஊர் வெயிலுக்கு எல்எஃப்பியை வண்டிக்குள், தரையை ஒட்டி, வெயில் படாத பக்கம் வையுங்கள். சார்ஜ் ஆகும்போது அது லெட் ஆசிட் மாதிரி வாயு விடாது, அதனால் உள்ளே வைக்கலாம். ஆனாலும் கட்டிலுக்கு நேர் கீழே வேண்டாம். ஒரு செல் கெட்டு உள்ளுக்குள்ளேயே சூடேற ஆரம்பித்துவிட்டால் எல்எஃப்பியும் எரியக்கூடிய வாயுவைக் கக்கும். 3.7 வோல்ட் வகையைவிட அதிகச் சூட்டைத் தாங்கும் என்பதுதான் வித்தியாசம்.

கப்பலூர் பட்டறை:

வைகைக்கரை தம்பி, நான் வெளிப்பெட்டி சொன்னது லெட் ஆசிட்டுக்கு. திரும்பப் படித்துப் பாருங்கள். சைலன்சர் பக்கத்தில் எந்த பேட்டரியையும் யாரும் வைக்கக் கூடாது. செய்து கொடுத்தவர்கள் தலையில்தான் அந்தப் பழி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லித்தியம் போடுகிறவர்கள் என்ஜின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக ஒரு ஒயரை இழுத்து விடுகிறார்கள். காலியான எல்எஃப்பி கிடைக்கிற கரண்டை எல்லாம் உறிஞ்சும். ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டரின் ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது முழு லோடு ஏறினால் அதன் செப்புச் சுருள் வெந்துவிடும். பேட்டரி நிரம்பி பிஎம்எஸ் சட்டென்று துண்டித்தால் வோல்டேஜ் எகிறி டயோடு போகும். நடுவில், வோல்டேஜையும் கரண்டையும் கட்டுப்படுத்திக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று கட்டாயம். 30 ஆம்பியர் வகை சின்ன வண்டிக்குப் போதும். பிஎஸ் 6 வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜைத் தானே ஏற்றி இறக்கும், அங்கே இது இல்லாமல் பேட்டரி ஒழுங்காக நிரம்பாது. பழைய யூபிஎஸ் சார்ஜரையும் அப்படியே லித்தியத்துக்கு மாட்ட வேண்டாம். அதில் எல்எஃப்பி செட்டிங் இருந்தால் மட்டும் மாட்டுங்கள்.

தல்லாகுளம்:

எல்லோரும் பேட்டரியையே பேசுகிறீர்கள். நான் பார்த்த வண்டியில் பேட்டரி, ஃபியூஸ், கேபிள் எல்லாம் முதல் தரம். சித்திரைத் திருவிழாவுக்கு எதிர்சேவை பார்க்க வந்தவர்கள் எங்கள் தெரு முனையில் நிறுத்தியிருந்தார்கள். டீ போட்டுத் தருகிறேன் என்று ஒரு அம்மா அலமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டில் 5 கிலோ சிலிண்டர். அதை ஒட்டியே இன்வெர்ட்டர். சிலிண்டரின் ரப்பர் குழாய் இன்வெர்ட்டரின் மேல் வளைந்து கிடக்கிறது. அவர் சிரித்துக்கொண்டே லைட்டரைக் கையில் எடுத்தார். நான் டீ வேண்டாம் என்று சொல்லி, அவர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, சிலிண்டரை வெளியே எடுக்க வைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலையப் பகுதியில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் என்ன நடந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால் தீ, 9 உயிர் போனது. யாத்திரை வந்தவர்கள். நம் வேன்களும் அதே மாதிரி படுத்துத் தூங்கும் பெட்டிகள்தான்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். ஹைட்ரஜன் லேசு, மேலே போய்க் கூரையடியில் சேரும். அதனால் சிலிண்டர் அறைக்குத் தரையில் வெளிநோக்கிய ஓட்டை வேண்டும், லெட் ஆசிட் பெட்டிக்கு உச்சியில் வேண்டும். இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கவே கூடாது. பின்பக்கக் கதவு உள்ளிருந்து திறக்குமா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். டிராவலரில் பின்கதவுக்குக் குறுக்கே கட்டில் போட்டு அடைத்துவிடுகிறார்கள். புகை வந்தால் தலைமாட்டிலிருந்து முன்கதவுக்கு ஓட நேரம் இருக்காது.

மேலூர் டீச்சர்:

தல்லாகுளம் சொன்ன பின்கதவு எங்கள் வண்டியிலும் அடைபட்டுத்தான் இருக்கிறது. இந்த வாரமே கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டேன். ஒரு கேள்வி: டிசம்பரில் கொடைக்கானல் போனால் குளிரில் எல்எஃப்பிக்கு என்ன ஆகும்?

வைகைக்கரை:

டீச்சர், செல்லின் சூடு 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது. உள்ளே லித்தியம் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். கொடைக்கானலில் உறைபனி விழும் ராத்திரிகள் உண்டு, ஆனால் வண்டிக்குள் வைத்த பேட்டரி அவ்வளவு இறங்காது. குறைந்த வெப்பத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி பிஎம்எஸ்ஸில் இருக்கிறதா என்று கடையில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லைட், ஃபேன் போடுவதில் பிரச்சினை இல்லை.

நாகமலை நாடோடி:

எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். எல்எஃப்பி என்று முடிவாகிவிட்டது. செல் 3.2 வோல்ட் என்று பில்லில் எழுதித் தருகிற கடையில்தான் வாங்குவோம். பேட்டரி வைக்கும் இடத்தைக் கட்டிலுக்கு அடியிலிருந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால், தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாற்றுகிறோம். யூபிஎஸ் வீட்டுக்கே திரும்பப் போகிறது. கப்பலூர் அண்ணே, சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவரலாமா? தகரத்தில் இவன் போட்ட ஓட்டைகளை நீங்கள் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்துவிட வேண்டும்.

கப்பலூர் பட்டறை:

காலையிலேயே வாருங்கள் தம்பி, வெயிலுக்கு முன்னால். வரும்போது ஃபேன், ஃபிரிட்ஜ் ஓட்டும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி முனையில் டேப் சுற்றிக் கொண்டுவாருங்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வர வேண்டாம்.